ராஜா கர்ப்பமா இருக்கார்: அர்சுலா லெ குவினை எங்கேருந்து படிக்க ஆரம்பிக்கலாம்

சயின்ஸ் ஃபிக்ஷன்னு நம்பி ஒரு நாவலை எடுக்கறீங்க. முதல் அத்தியாயத்துல ஒரு ஊர்வலம் போகுது, ஒரு ராஜா புதுசா கட்டின வளைவுக்கு நடுக்கல்லு வெச்சு சாந்து பூசுறார், கதை சொல்ற ஆளுக்கு வெயில்ல வேர்த்துக் கொட்டுது, பக்கத்துல நிக்கறவர் எதையோ நேரா சொல்லாம ஜாடையா பேசிட்டே இருக்கார். ராக்கெட் எங்கடா, துப்பாக்கி எங்கடான்னு பாத்துட்டு நாப்பதாவது பக்கத்துல மூடி வெச்சுடுவீங்க. நானும் அதைத்தான் பண்ணினேன். ரெண்டு வருஷம் கழிச்சு அதே புத்தகத்தை மறுபடி எடுத்து ரெண்டே நாள்ல முடிச்சேன், நடுவுல புத்தகம் மாறல, அதை எப்படிப் படிக்கணும்னு எனக்குப் பிடிபட்டுச்சு, அவ்வளவுதான். அந்தப் புத்தகம் அர்சுலா கே. லெ குவின் 1969ல எழுதின 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்'. அவங்களைப் புதுசா படிக்கப் போறவங்க என்னை மாதிரி நாப்பதாவது பக்கத்துல கழண்டுக்கக் கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

முதல்ல இந்த 'ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்ஷன்'ங்கற வார்த்தையை முடிச்சிடலாம். சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டஸி, மாற்று வரலாறு, டிஸ்டோபியா (நரகமா ஆயிட்ட சமூகத்தைப் பத்தின கதை) எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வர்ற பேர் இது. "நாம இருக்கற உலகத்துல இல்லாத ஒண்ணு இருந்தா என்ன ஆகும்?" இந்தக் கேள்வியில ஆரம்பிக்கற கதை எதுவா இருந்தாலும் இதுக்குள்ள வந்துடும். இது எதிர்காலத்தைக் கணிச்சு சொல்ற வேலைன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, இந்தக் கதையில வந்தது அப்படியே நடந்துடுச்சு பாருன்னு யாராவது சொல்லிட்டே இருப்பாங்க இல்லையா, லெ குவினுக்கு அந்தப் பேச்சே ஆகாது. மேல சொன்ன நாவலுக்கு 1976ல ஒரு முன்னுரை எழுதினாங்க, அதுல சயின்ஸ் ஃபிக்ஷன் ஜோசியம் இல்லன்னு தெளிவா சொல்லிடறாங்க. பௌதிக விஞ்ஞானிங்க ஒரு பூனையைப் பெட்டிக்குள்ள அடைச்சதா கற்பனை பண்ணிக்கிட்டு அதை வெச்சு யோசிக்கறாங்கல்ல, அந்த மாதிரி மனசுக்குள்ளயே செஞ்சு பாக்கற ஒரு சோதனைதான் தன் வேலைன்னு சொல்றாங்க. பூனையை நிஜமாவே யாரும் அடைக்கப் போறதில்ல, அடைச்சா என்னன்னு யோசிக்கும்போது இப்ப இருக்கற உலகம் கொஞ்சம் தெளிவா தெரியும், அதுக்குத்தான்.

அவங்க சோதனை பண்ற விதம் ரொம்ப எளிமை. ஒரு சமூகத்தை எடுத்துக்கறாங்க, அதுல ஒரே ஒரு ஆணியைப் பிடுங்கறாங்க, அப்புறம் கூரை எந்தப் பக்கம் சாயுதுன்னு பொறுமையா உக்காந்து பாக்கறாங்க. அதனால படிக்கும்போது ரெண்டே ரெண்டு கேள்வியைக் கையில வெச்சுக்கிட்டா போதும்னு நினைக்கறேன். இந்த உலகத்துல எதை மாத்தியிருக்காங்க? அந்த மாத்தத்துக்கு யாரு விலை குடுக்கறாங்க? முதல் கேள்வியை எல்லா சயின்ஸ் ஃபிக்ஷன்லயும் கேக்கலாம், ரெண்டாவது கேள்விதான் இவங்க கிட்ட ஸ்பெஷல்.

இந்தப் பார்வை எங்கேருந்து வந்துச்சுன்னு அவங்க வீட்டைப் பாத்தாலே ஓரளவு புரியும். 1929ல கலிஃபோர்னியாவுல பெர்க்லில பொறந்தாங்க, அப்பா ஆல்ஃப்ரெட் க்ரோபர் அந்தக் காலத்து பெரிய மானுடவியலாளர், அமெரிக்கப் பூர்வகுடி மக்களோட மொழி, பழக்கவழக்கம் எல்லாம் பதிவு பண்ணினவர். யாஹி இனத்துல மிஞ்சின கடைசி மனுஷர்னு சொல்லப்படற இஷி 1911ல வெளி உலகத்துக்கு வந்தப்ப அவரோட சேர்ந்து வேலை செஞ்சவங்கள்ல க்ரோபரும் ஒருத்தர். இஷி 1916ல இறந்துட்டார், லெ குவின் அவரைப் பாத்தது கிடையாது, ஆனா அம்மா தியோடோரா க்ரோபர் 1961ல இஷி பத்தி எழுதின புத்தகம் ரொம்ப பேர் வாங்குச்சு. ஒரு சமூகத்துக்குள்ள வெளியாளா போய் நின்னு, இவங்க எதை சகஜம்னு நினைக்கறாங்க, நான் எதை சகஜம்னு நினைக்கறேன்னு கேக்கறது அந்த வீட்டுல தினப்படி பேச்சா இருந்திருக்கும். லெ குவினோட பல கதைகள்ல நாயகன் ஒரு தூதர், இல்லன்னா ஆய்வாளர், இல்லன்னா வழி தவறி வந்த அன்னியன். சண்டை போட வந்தவன் ரொம்பக் கம்மி.

இப்ப அந்த கர்ப்பமான ராஜா கிட்ட வரலாம். கெத்தன்னு ஒரு கிரகம், எப்பவும் பனி, வெளியாளுங்க அதுக்கு 'விண்டர்'னே பேர் வெச்சிருக்காங்க. அங்க இருக்கற மனுஷங்க நம்மளை மாதிரிதான், ஒரு வித்தியாசம், அவங்க ஆணும் கிடையாது பெண்ணும் கிடையாது. மாசத்துல சில நாள் மட்டும் உடம்பு மாறும், அந்த நாள்ல ஒருத்தர் ஆணாவோ பெண்ணாவோ ஆவாங்க, எதுவா ஆவோம்னு முன்கூட்டியே தெரியாது. அதனால ஒரே ஆள் மூணு குழந்தைக்கு அம்மாவாவும் இன்னும் ரெண்டு குழந்தைக்கு அப்பாவாவும் இருக்கலாம். இந்தக் கிரகத்துக்கு ஜென்லி ஐன்னு பூமியிலேருந்து ஒரு ஆள் தனியா தூதரா வர்றான், எங்க கூட்டமைப்புல சேருங்கன்னு கேக்கறதுக்கு.

பிடுங்கின ஆணி இதுதான், ஆண் பெண்ங்கற நிரந்தரப் பிரிவு. அதோட என்னென்னல்லாம் கழண்டு விழுதுன்னு பாருங்க. பிள்ளை பெத்துக்கறது யார் தலையில வேணா விழலாம்ங்கறதால அதுக்காக யாரையும் ஒதுக்கி வைக்க முடியாது. பலாத்காரம்ங்கற விஷயமே அங்க சாத்தியமில்ல. கொலை இருக்கு, வஞ்சம் இருக்கு, அரண்மனை சதி தாராளமா இருக்கு, ஆனா பெரிய போர்னு ஒண்ணு நடந்ததே இல்ல. இதுக்குக் காரணம் உடம்பா, இல்ல அந்தக் கொடுங்குளிரான்னு நாவல் கடைசி வரைக்கும் தீர்ப்பு சொல்லாது, அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அப்பப்ப சிரிப்பும் உண்டு. ஜென்லி தங்கியிருக்கற இடத்தைப் பாத்துக்கற ஆளோட நடை, வம்பு பேச்சு எல்லாத்தையும் பாத்து இது ஒரு வீட்டுக்காரம்மான்னு அவன் மனசுல முடிவு பண்ணிடறான், நீங்க எத்தனை குழந்தை பெத்தீங்கன்னு கேட்டா அவர் மூஞ்சி தொங்கிப் போயிடுது, ஒண்ணு கூட பெக்கல, ஆனா நாலு குழந்தைக்கு அப்பான்னு பதில் வருது.

அந்த ராஜா கர்ப்பமா இருக்கார்ங்கற செய்தியும் இதே நாவல்லதான் சாதாரண ஊர் செய்தி மாதிரி வந்து போகும். இங்கிலீஷ்ல படிக்கறவங்களுக்கு அந்த வாக்கியம் ஒரு உலுக்கு உலுக்கிடும். தமிழ்ல சொல்லிப் பாத்தா எனக்கு ஒரு வேடிக்கை தோணுச்சு, 'கர்ப்பமா இருக்கார்'ல நம்ம வினைச்சொல்லுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, 'அவர்', 'வந்தார்', 'இருக்கார்' எல்லாம் யாருக்கு வேணா பொருந்தும், இடிக்கறது ராஜாங்கற பெயர்ச்சொல் மட்டும்தான். லெ குவின் எல்லா கெத்தன்காரங்களுக்கும் 'ஹீ'ன்னு எழுதினாங்க, அதாவது 'அவன்'. அப்படி எழுதினதால படிக்கறவங்க எல்லாரையும் ஆம்பளையாவே கற்பனை பண்ணிக்கறாங்கன்னு பெண்ணிய விமர்சகர்கள் விடாம கேட்டாங்க. 1976ல அவங்க அதுக்கு பதில் சொல்லி ஒரு கட்டுரை எழுதினாங்க, கொஞ்சம் விறைப்பான பதில். அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு அதே கட்டுரைக்கு ஓரத்துல குறிப்பு எழுதி, நான் அப்ப மழுப்பினேன், நீங்க சொன்னது சரின்னு ஒத்துக்கிட்டாங்க. பழைய கட்டுரையை அழிக்கல, பக்கத்துலயே திருத்தத்தையும் வெச்சாங்க. அந்தக் கட்டுரைக்கு முன்னாடியே 1975ல, அதே கிரகத்துல நடக்கற ஒரு பழைய சிறுகதையை மறுபடி வெளியிடும்போது எல்லாருக்கும் 'ஷீ' போட்டு, ஆனா ராஜாவை ராஜான்னே விட்டு எழுதிப் பாத்தாங்க.

நம்ம மொழியில 'அவர்' போட்டுட்டா பிரச்சினை தீர்ந்துச்சுன்னு தோணும். எனக்கு அதுல சந்தேகம் இருக்கு, ஜென்லி ஒரு ஆளைப் பாக்கும்போதெல்லாம் இது ஆணா பெண்ணான்னு மனசுக்குள்ள தடுமாறுறான், அந்தத் தடுமாற்றம்தான் கதையே, 'அவர்'ங்கற சௌகரியமான போர்வையை எல்லார் மேலயும் போட்டா அது தெரியாமலே போயிடும். இன்னொன்னும் யோசிச்சுப் பாருங்க, அத்தை, மாமா, சித்தப்பா, சித்தின்னு நம்ம உறவுமுறை மொத்தமும் யாரு ஆண் யாரு பெண்ங்கற கணக்குல நிக்குது, கெத்தன்ல போய் ஒருத்தரை எப்படிக் கூப்பிடுவீங்க? அண்ணான்னும் சொல்ல முடியாது அக்கான்னும் சொல்ல முடியாது. ஒரு ஆணியைப் பிடுங்கினா எவ்வளவு தூரம் ஆடுதுன்னு அப்ப தெரியும்.

ரெண்டாவது கேள்விக்கு, அதாவது யாரு விலை குடுக்கறாங்கன்னு கேட்டா, இந்த நாவல்ல அதை நான் சொல்லக் கூடாது. எஸ்ட்ராவன்னு ஒரு பாத்திரம், முதல் அத்தியாயத்துல ஜாடையா பேசிட்டே நிக்கறார்னு சொன்னேனே அவர்தான், அவரை மட்டும் விடாம கவனிச்சுட்டு வாங்க. அவரும் ஜென்லியும் சேர்ந்து பனிப்பாளத்து மேல ஸ்லெட்ஜ் இழுத்துட்டு வாரக்கணக்கா நடந்து போற பகுதி வரும், அங்க வந்துட்டீங்கன்னா புத்தகத்தைக் கீழ வைக்க மாட்டீங்க, நான் உத்தரவாதம். பிரச்சினை அதுக்கு முன்னாடி இருக்கற அத்தியாயங்கள்தான், நடுநடுவுல நாட்டுப்புறக் கதை, ஆய்வுக் குறிப்புன்னு வந்துட்டே இருக்கும். அதையெல்லாம் தாண்டிக் குதிச்சுப் போகாதீங்க, பின்னாடி நடக்கறதுக்கு அங்கதான் விதை போட்டிருக்கு.

அடுத்தது 1974ல வந்த 'தி டிஸ்பொசஸ்ட்'. என்னைக் கேட்டா அவங்க எழுதினதுல பெரிய சாதனை இதுதான், சில பேர் அவங்களோட ஃபேன்டஸி வரிசையான எர்த்ஸீன்னு சொல்லுவாங்க, சண்டை வேண்டாம். ஒண்ணுக்கொண்ணு நிலாவா சுத்தற ரெட்டைக் கிரகங்கள், ஊராஸ், அனாரஸ். ஊராஸ் செழிப்பு, சொத்து, அரசாங்கம், பணக்காரன் ஏழை எல்லாம் உள்ள இடம். அங்கேருந்து பல தலைமுறைக்கு முன்னாடி ஒரு புரட்சிக் கூட்டம் கிளம்பி வறண்டு போன அனாரஸ்ல குடியேறி, அரசாங்கமும் சொத்தும் இல்லாத ஒரு சமூகத்தைக் கட்டியிருக்காங்க. இங்க பிடுங்கின ஆணி 'என்னுது'ங்கற வார்த்தை. நிஜமாவே வார்த்தைதான், அவங்க பேசற ப்ராவிக் மொழியில 'என்னோட கைக்குட்டை'ன்னு சொல்றதை விட 'நான் உபயோகிக்கற கைக்குட்டை'ங்கற மாதிரிதான் சொல்லுவாங்க. ஒரு காட்சி இருக்கு, குழந்தைங்க காப்பகத்துல ஜன்னல் வழியா தரையில சதுரமா வெயில் விழுது, அதுல ஒரு குழந்தை சுகமா உக்காந்திருக்கு, இன்னொரு குழந்தை தள்ளிட்டு வந்ததும் இது என் சூரியன்னு கத்துது, பாத்துக்கற அம்மா வந்து எதுவுமே உன்னுது இல்ல, பகிர்ந்துக்க மாட்டேன்னா உனக்கும் கிடையாதுன்னு சொல்லித் தூக்கிட்டுப் போயிடறாங்க. அந்தக் குழந்தை ஷெவெக், பின்னாடி பெரிய பௌதிக விஞ்ஞானியா ஆகப் போறவன். அந்தக் காட்சியில யாரு பக்கம் நியாயம்னு எனக்கு இன்னும் முடிவு பண்ண முடியல.

சொத்தே இல்லாத ஊர்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கணும்? ஷெவெக்கோட ஆய்வுல ஒரு சீனியர் விஞ்ஞானி தன் பேரையும் ஒட்டிக்கறார். நிலம், காசு எதுவும் சேர்க்க முடியாத இடத்துல மனுஷன் செல்வாக்கைச் சேர்க்கறான். சட்டம் கிடையாது, ஆனா நாலு பேர் என்ன சொல்லுவாங்கங்கற பயம் இருக்கு, அது சட்டத்தை விட மோசமா கழுத்தை நெரிக்குது. கடைசியில ஷெவெக் தாய்க் கிரகமான ஊராஸுக்கே கிளம்பிப் போறான், சொந்த ஊர்க்காரங்க துரோகின்னு கல்லெறியறாங்க. அங்க போனா மாளிகை, விருந்து, மரியாதை எல்லாம் கிடைக்குது, இதுக்கெல்லாம் விலை குடுக்கறவங்க எங்க இருக்காங்கன்னு தெரிய அவனுக்குக் கொஞ்ச நாள் ஆகுது. ஒரு அத்தியாயம் ஊராஸ், ஒரு அத்தியாயம் அனாரஸ்ல பழைய கதைன்னு மாத்தி மாத்தி வரும், முதல்ல குழம்பும், மூணாவது அத்தியாயத்துல பழகிடும். இந்தப் புத்தகத்துக்கும் சரி, முன்னாடி சொன்ன லெஃப்ட் ஹேண்டுக்கும் சரி, சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டஸிக்குக் குடுக்கற பெரிய விருதுகளான ஹ்யூகோ, நெபுலா ரெண்டுமே கிடைச்சுது.

ஒரு சின்ன விஷயம். எவ்வளவு ஒளியாண்டு தள்ளி இருந்தாலும் உடனுக்குடன் பேச முடியற 'அன்சிபிள்'ங்கற கருவி அவங்க முதல் நாவல் 'ரோக்கனன்ஸ் வேர்ல்ட்'லயே, 1966ல, சும்மா ஒரு சாமான் மாதிரி வந்து போச்சு, வேற எழுத்தாளர்கள் கூட அந்தப் பேரை எடுத்துக்கிட்டாங்க. எட்டு வருஷம் கழிச்சு டிஸ்பொசஸ்ட்ல, அந்தக் கருவிக்கு அடிப்படையான தியரியைக் கண்டுபிடிக்கற ஆளோட வாழ்க்கையை எழுதறாங்க, அந்த ஆள் ஷெவெக்.

இவ்வளவு பெரிய புத்தகமெல்லாம் இப்ப முடியாதுங்கறவங்களுக்கு 'தி ஒன்ஸ் ஹூ வாக் அவே ஃப்ரம் ஓமெலாஸ்'. 1973ல வந்த சிறுகதை, சில பக்கம்தான், அடுத்த வருஷம் ஹ்யூகோ வாங்குச்சு. ஓமெலாஸ்னு ஒரு நகரம், எல்லாரும் நிஜமாவே சந்தோஷமா இருக்காங்க, அந்த மொத்த சந்தோஷமும் ஒரு நிலவறையில பூட்டி வெச்சிருக்கற ஒரே ஒரு குழந்தையோட துன்பத்து மேல நிக்குது, ஊர்ல எல்லாருக்கும் அது தெரியும். நான் சொன்ன ரெண்டாவது கேள்வியை உரிச்சு எடுத்து அது மட்டும் ஒரு கதையா எழுதினா இப்படித்தான் இருக்கும். இதுல கதாபாத்திரம்னு யாரும் இல்ல, கதையை எழுதறவங்களே வாசகர் கிட்ட இந்த ஊர்ல என்ன இருக்கலாம் சொல்லுங்க, உங்க இஷ்டம், சேர்த்துக்கலாம்னு பேசிட்டே வந்து நம்மளையும் அந்த ஊரைக் கட்டின கூட்டுக் களவாணியா ஆக்கிடறாங்க. பேர் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா, ஆரிகன் மாநிலத்துல சேலம்ங்கற ஊர் பேர்ப்பலகையைப் பின்னாலேருந்து படிச்சதுதான்னு சொன்னாங்க.

'தி லேத் ஆஃப் ஹெவன்' (1971) இவங்க புத்தகங்கள்ல வேகமா ஓடற ஒண்ணு, முதல் புத்தகமா குடுக்கறதுக்கு நான் அடிக்கடி சொல்றது இதைத்தான். ஜார்ஜ் ஓர்னு ஒரு சாதாரண ஆள், போர்ட்லாண்ட்ல இருக்கான், அவன் காணற சில கனவுகள் விடிஞ்சதும் நிஜமாயிடுது, யாருக்கும் உலகம் மாறினதே தெரியாது. அவனுக்கு வைத்தியம் பார்க்கற ஹேபர்ங்கற டாக்டர் இதைக் கண்டுபிடிச்சு, உலகத்தைத் திருத்தறதுக்கு அவனைக் கனவு காண வைக்கறார். கெட்டவர் இல்ல, நல்லது பண்ணணும்னுதான் ஆசை, அங்கதான் வினையே. ஜனத்தொகை ஜாஸ்தியா இருக்கேன்னு சொன்னா, கொள்ளைநோய் வந்து அறுநூறு கோடி பேர் எப்பவோ செத்துப்போன உலகத்துல முழிக்கறாங்க. நிறவெறி வேண்டாம்னா எல்லார் தோலும் சாம்பல் நிறமாயிடுது. மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்காம இருக்கணும்னா வேற்று கிரகத்துக்காரங்க படையெடுத்து வந்துடறாங்க. வரம் கேக்கற புராணக் கதையெல்லாம் படிச்சு வளர்ந்த நமக்கு இந்த ஆட்டம் ரொம்ப நல்லாப் புரியும், கேட்டதுல ஒரு ஓட்டை இருக்கும், வரம் அந்த ஓட்டை வழியாத்தான் உள்ள வரும். தலைப்பு சீன ஞானி சுவாங் ஸுவோட ஒரு பழைய மொழிபெயர்ப்புலேருந்து எடுத்தது, அந்த ஞானி காலத்து சீனாவுல லேத்தே கிடையாதாம், மொழிபெயர்ப்பே தப்புன்னு பின்னாடி அவங்களுக்குத் தெரிய வந்துச்சு, அதுக்குள்ள புத்தகம் வந்து பேர் நிலைச்சுடுச்சு.

ஃபேன்டஸி பிடிக்கும்னா எர்த்ஸீ வரிசை. முதல் புத்தகம் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ', 1968, சின்னப் பசங்களுக்குன்னு எழுதினது, ஆனா எந்த வயசுலயும் படிக்கலாம். தீவுக்கூட்டம், மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், கெட்னு திமிர் பிடிச்ச ஒரு பையன், அவன் வீம்புக்குப் பண்ணின மந்திரத்துல வெளிய வந்த ஒரு நிழல் அவனைத் துரத்துது. மந்திரம்னா இங்க ஒவ்வொண்ணுக்கும் இருக்கற உண்மைப் பேரைத் தெரிஞ்சுக்கறது, ஒரு இடத்துல மழையை வரவழைச்சா இன்னொரு இடத்துல வறட்சி வரலாம், அதனால பெரிய மந்திரவாதி முடிஞ்ச வரைக்கும் மந்திரமே போட மாட்டான். விலை யாரு குடுக்கறாங்கங்கற கேள்வி இங்கயும் வந்துடுச்சு பாத்தீங்களா. கெட்டோட தோல் செம்பழுப்பு, அவன் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு, வெள்ளைத் தோல் உள்ளவங்க வெளித்தீவுலேருந்து கொள்ளையடிக்க வர்றவங்க. 1968ல வந்த ஒரு ஃபேன்டஸியில இது சத்தம் போடாம பண்ணின பெரிய காரியம். 2004ல டிவி தொடரா எடுத்தப்ப கெட்டை வெள்ளைக்காரனா ஆக்கிட்டாங்க, லெ குவின் அதைப் பொதுவெளியில நல்லாவே திட்டி எழுதினாங்க.

ஆனா எர்த்ஸீல எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது நாலாவது புத்தகம் 'டெஹானு'. முதல் மூணும் 1972க்குள்ள வந்துடுச்சு, இது 1990. முதல் புத்தகத்துல பொம்பளைங்க மந்திரம் பலவீனமானது, பொல்லாததுன்னு ஒரு பழமொழி சாதாரணமா வரும், பள்ளிக்கூடத்துல பையனுங்க மட்டும்தான். அப்ப எழுதும்போது அது அவங்களுக்கே உறுத்தல. மூணாவது புத்தகம் வந்து பதினெட்டு வருஷம் கழிச்சு, தான் கட்டின உலகத்துக்கே திரும்பி வந்து, அந்தப் பழமொழிக்கு யாரு விலை குடுத்தாங்கன்னு கேக்கறாங்க, சக்தி எல்லாம் போன நடுவயசு கெட், ரெண்டாவது புத்தகத்து நாயகியா வந்து இப்ப விதவையா இருக்கற தெனார், தீயில சுட்டுப் போட்ட ஒரு சின்னப் பொண்ணு, இவங்கதான் கதை. வீரசாகசம் எதிர்பாத்து வந்தவங்க நிறைய பேருக்கு ஏமாத்தமாப் போச்சு. முதல் மூணைப் படிச்ச கையோட இதைப் படிக்காதீங்க, ஒரு வருஷமாவது விடுங்க, முடிஞ்சா அஞ்சு.

ஆக, வரிசை எப்படின்னு கேட்டா, இன்னைக்கே ஓமெலாஸ், அது உங்களைத் தூங்க விடலன்னா லேத் ஆஃப் ஹெவன், அப்புறம் ஃபேன்டஸி ஆளா இருந்தா எர்த்ஸீ முதல் மூணு, இல்லன்னா நேரா லெஃப்ட் ஹேண்ட், அது முடிச்சு மூச்சு விட்டதுக்கு அப்புறம் டிஸ்பொசஸ்ட். 1985ல வந்த 'ஆல்வேஸ் கமிங் ஹோம்'னு ஒண்ணு இருக்கு, இன்னும் பொறக்கவே பொறக்காத ஒரு மக்களோட பாட்டு, சமையல் குறிப்பு, சடங்கு, கதை எல்லாத்தையும் ஒரு மானுடவியலாளர் தொகுத்த மாதிரி, முதல்ல வந்தப்ப பாட்டு கேசட்டே கூட வெச்சு வித்தாங்க. க்ரோபரோட பொண்ணுன்னு அப்பட்டமாத் தெரியற புத்தகம், அட்டை பாத்து மயங்கி அதுல ஆரம்பிச்சுடாதீங்க. என் கிட்ட இருக்கற பிரதியில புக்மார்க் இன்னும் பாதியிலதான் நிக்குது.